இருநூறு கிராம்

"இழுக்காதீங்க மாமா, கிழிஞ்சிடும்!"

"நீங்க கையை எடுங்க மாப்ளே! பேரன் என் மடியிலதான் ஒழுங்கா குடிப்பான்."

"நேத்து பூரா நீங்கதானே கொடுத்தீங்க? இன்னிக்கு என் முறை!"

தொட்டிலில் கிடந்தவன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். அம்மா வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து பவுடர் பாலைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வான். இந்த வாரம் இருநூறு கிராமாவது ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதுதான் என்று நர்ஸம்மா கறாராகச் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில்தான் மாமனாரும் மருமகனும் பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

இன்றும் மாமனாரே ஜெயித்தார். புட்டி சொட்டு மிச்சமில்லாமல் காலியானது.

அழைப்பு மணி அடித்தது. மருமகன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். எடை மெஷினோடு உள்ளே வந்த நர்ஸம்மா அப்படியே நின்றுவிட்டார்.

சோபாவில் முறுக்கு மீசையும் பூப்போட்ட நைட்டியுமாகப் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணோடதும்மா," என்று நெளிந்தார். "அம்மா வாசனை இருந்தாத்தான் குடிக்கிறான். அதான் துவைக்கப் போட்டதை எடுத்து..."

மெஷின் முந்நூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. மருமகன் அங்கேயே ஒரு குதி குதித்து, மனைவிக்குப் போன் போட்டான்.

"முந்நூறு கிராம் ஏறிட்டான்டி!"

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அவன் ஏறினது இருக்கட்டுங்க. ஒரே வாரத்துல என் நைட்டியெல்லாம் கக்கத்துல கிழிஞ்சு தொங்குதே, நான் எத்தனை கிலோ ஏறியிருக்கேன்?"