பக்கத்து வீட்டு வீடியோ கேம்

"சுட்டுட்டேன்! சுட்டுட்டேன்!"

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சத்தம் கேட்டதும் தீர்த்தம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"ஞானமேரி புருசன் குவைத்துல இருந்து வீடியோ கேம் அனுப்பி ரெண்டு மாசமாச்சு. தினமும் கதவைச் சாத்திக்கிட்டு ஆடறாங்க. நம்ம பசங்களை ஒரு நாள் கூப்பிட்டாளா?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றான் கணவன் மாது.

"அவ வூட்ல வீடியோ கேம்னா, நம்ம வூட்ல டிவி வரணும்!"

மறுவாரமே தர்மபுரியிலிருந்து டிவி வந்து இறங்கியது. அன்று மாலை, கேம் பெட்டியும் கேசட்டுகளுமாக ஞானமேரி வாசலில் நின்றாள்.

"நீங்க குடுத்து வச்சவங்கக்கா. இதை டிவியில மாட்டினாத்தான் ஆட்டமே தெரியுமாம். எங்களுக்கு ஏது டிவி? வெளியே தெரிஞ்சா வெக்கம்னு கதவைச் சாத்திக்கிட்டு, பசங்க கேம் குச்சியை மட்டும் ஆட்டி ஆட்டிக் கத்திக்கிட்டிருந்தாங்க."