வலிக்கிற இடம்

"ரிதெனவாத?" என்று கேட்டார் கேஷானி மிஸ்.

"வலிக்குதான்னு கேக்குறாங்க," என்று நான் இராஜத்துக்குத் தமிழில் சொன்னேன்.

"இல்லீங்க," என்றாள் இராஜம்.

அதை மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் சொன்னேன்.

கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது மிஸ்ஸின் பிசியோதெரபி நிலையம். நீலத் திரை, ஒரு கட்டில், பக்கத்தில் அதிர்வலை மெஷின். துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. அதை வலிக்கிற இடத்தில் வைத்து அழுத்தினால் மரங்கொத்தி கொத்துவதுபோல டக் டக்கென்று இடிக்கும், அதுவும் ஆயிரக்கணக்கில்.

இராஜம் எங்கள் தோட்டத்தின் முதல்தரப் பால்வெட்டுக்காரி. விடியும்போது காட்டுக்குள் போனால் பத்து மணிக்குள் முந்நூறு ரப்பர் மரங்களைச் சீவி முடித்துவிடுவாள். இருபது வருடம் சீவிய வலது முழங்கை போன மாதம் மக்கர் செய்தது. பால் நிறைந்த வாளி கை நழுவி விழுந்தது, அதுவும் தோட்ட மேனேஜர் துரையின் காலடியில். துரை நல்ல மனுஷன். ஒரு வார்த்தை திட்டாமல், மூன்று தடவை சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார்.

மூன்று தடவையிலும் பலன் தெரியாவிட்டால் அவளுடைய மரங்கள் வேறு ஆளுக்குப் போகும் என்று முடிவாகியிருந்தது. அது இராஜத்துக்கும் தெரியும்.

துணைக்கு நான். என்னை விட்டால் வேறு யார்? சிங்களத்தில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் தோட்டத்தில் ஆளில்லை. இராஜம் பாவம், தமிழிலேயே மூன்று வார்த்தைதான் பேசுவாள். சரிங்க, இல்லீங்க, வர்றேங்க. நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த நாலு வருடத்தில் அதற்குமேல் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

இன்று மூன்றாவது தடவை.

மிஸ் பிடியை முழங்கையின் மேலே வைத்தார். கீழே வைத்தார். ஓரமாகத் தள்ளி வைத்தார். ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்வி, அதே "இல்லீங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஆட்களுக்கு உடம்பு இரும்பு மிஸ், என்று சொல்லிச் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை.

இந்த மெஷினுக்குக் கண் கிடையாது, வலிக்கிற இடத்தை அவங்கதான் காட்டணும், சும்மா எங்கேயாவது இடித்துக்கொண்டிருந்தால் வீண் என்று போன இரண்டு தடவையும் சொன்னதையே திரும்பச் சொன்னார். ஒரு சொல் விடாமல் நான் அதை மொழிபெயர்த்தேன். என் பங்குக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.

"வலிச்சா வெக்கப்படாம சொல்லு இராஜம்."

"இல்லீங்க."

பிறகு, உள்ளங்கை கீழே பார்க்கும்படி பிடித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கச் சொன்னார் மிஸ். தூக்கினாள். நெற்றியில் வியர்வை பொடித்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் இராஜம் மாதிரி இருந்தால் தோட்டம் எங்கேயோ போய்விடும். இன்னொரு பால்வெட்டுக்காரன் சின்னத்தம்பியைப் பாருங்கள். சித்திரையில், கை வலிக்குது என்று வாயைத் திறந்தான். மறுநாளே அவனைப் பால்வெட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்குப் போட்டாயிற்று. பிறகு கை சரியாகியும் அவனுடைய மரங்கள் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

மிஸ் மெஷினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் வெளியே இருக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார்.

மொழிபெயர்க்க ஆள் வேண்டாமா என்றேன். பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொள்ளட்டும், இரண்டு நிமிடத்தில் தானாகக் கூப்பிடுவார் என்று நினைத்து, திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.



உள்ளிருந்து ஒரு பெண் குரல், "மாத்தயா கியாத?" என்று கேட்டது. ஐயா போய்விட்டாரா என்று அர்த்தம். அது மிஸ்ஸின் குரல் இல்லை.

மெஷின் இடிக்கத் தொடங்கியது. அந்தக் குரல், ருவான்வெல்லைச் சந்தையில் பேசுகிற அசல் சிங்களத்தில் படபடவென்று பேசியது. அங்கே இல்லை மிஸ், ஒரு விரல் கீழே. இன்னும் உள்பக்கம். ஐயோ, அங்கேதான், அங்கேயேதான், உயிர் போகுது, எடுத்துடாதீங்க. சீப்பைப் பிடித்துத் தலைவார முடியவில்லை. ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. வாளியை இடது கையால்தான் தூக்குகிறேன். இன்னும் கூட்டுங்க மிஸ், நான் தாங்குவேன்.

என்னுடைய சிங்களத்தைவிட அவளுடைய சிங்களம் நன்றாக இருந்தது.

மிஸ் சிரிப்பது கேட்டது. இடம் கிடைத்துவிட்டது, இனி இந்தக் கை என் பொறுப்பு, இன்னும் மூன்று தடவை வேண்டும் என்று துரைக்கு நானே போன் பண்ணிச் சொல்கிறேன் என்றார்.

பிறகு திரையை விலக்கி, நீங்கள் இனி உள்ளே வரலாம் என்று என்னைக் கூப்பிட்டார்.

இங்கேயே இருக்கிறேன் மிஸ், என்றேன். வெட்கமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மெஷின் ஓய்ந்ததும் இராஜம் கையை மடக்கி நீட்டிக்கொண்டே வெளியே வந்தாள். முழங்கையில் பேனாவால் போட்ட ஒரு சின்ன வட்டம். என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

"வலிச்சுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க ஐயா."

சித்திரையில் சின்னத்தம்பி கை வலிப்பதை என்னிடம்தான் சொன்னான். மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும்போது, அத்தனை பேர் முன்னால் அவனுடைய பால் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அவனைப் புல்வெட்டுக்கு அனுப்பிய கணக்கப்பிள்ளை நான்.

அன்றைக்கு வரிசையில் அவனுக்கு அடுத்ததாக நின்றவள் இராஜம்.