கூடத்து மரத்தடுப்பு

காலை ஆறு மணிக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. தாயின் பெயர் செவ்வந்தி. கூடத்தை இரண்டாக்கி நின்ற மரத்தடுப்புக்குப் பின்னால், பழைய போர்வையில் அந்தப் பூனை படுத்திருந்தது. தடுப்பில் சட்டத்துக்குச் சட்டம் நான்கு விரல் இடைவெளி.

"ஒரு கண்ணும் எங்க மேல படல. எல்லாம் உன்னாலதான்" என்றது செவ்வந்தி.

தடுப்புக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னைத் தாண்டி யாரு பார்த்துடுவா?"

மறுபக்கம் படுத்திருந்த கிழநாய் வீரன், வாசலையே பார்த்தபடி முனகியது: "எனக்குக் கழுத்துதான் பிடிச்சுக்கிச்சு."

"வயசாச்சுல்ல தாத்தா!" என்று தடுப்பு சிரித்தது. "இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டியதுதானே?"

"முதல்ல அதுங்க கண்ணு திறக்கட்டும்" என்றது வீரன்.

ஆனியில் வீரன் இறந்துபோனது. அதன் இடத்துக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. செவ்வந்தி மறுபடி சினையாகி அதே போர்வைக்கு வந்தபோது, நாய்க்குட்டி சட்டங்களுக்கு நடுவே மூக்கை நுழைத்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் திரும்புடா" என்றது தடுப்பு.

"ஏன்? இங்கேருந்தே நல்லாத் தெரியுதே!"



கார்த்திகை ஏழாம் தேதி, கொட்டும் மழையில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் செவ்வந்தி நான்கு குட்டிகளை ஈன்றது.