இரண்டாவது ஈர்க்குச்சி

மலேசியாவின் பீடோர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சூசையின் ஓட்டு வீடு ஒழுகியது. அந்த ஈரத்தில் படுத்துத்தான் மூத்த மகள் காய்ச்சலில் போனாள். இப்போது அதே அறையில் இளையவனுக்குத் தொட்டில் கட்டியாக வேண்டும்.

உள்ளே நின்று, வெளிச்சம் தெரிந்த ஒரே துளையில் ஈர்க்குச்சியைச் செருகி அடையாளம் வைத்தான் சூசை. கூரையேறிப் பார்த்தால் இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"மதலேன், உள்ள யாரு?"

"யாரு இருக்கா? நான் புள்ளயோட ஏணியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்லா!" என்றாள் மனைவி.

முதல் குச்சியைப் பிடுங்கிவிட்டுப் புது ஓடு மாற்றினான். இரண்டாவதைத் தொட்டான். அது மெல்ல உள்ளே போனது. பிறகு எட்டிப் பார்த்தது. கதவிடுக்கில் மூத்தவள் அவனோடு விளையாடுவதும் அப்படித்தான்.

சூசை இறங்கினான்.

"என்னங்க, முடிஞ்சிருச்சா?"

"ஒண்ண அடைச்சிட்டேன். இன்னொண்ணு இருக்கட்டும். தொட்டிலக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கலாம்."