வெண்புள்ளி

“தொட்டியை மட்டும் தொட்டுப் பாருங்க, அப்புறம் தெரியும் சேதி!”

துணி வெட்டும் கத்திரிக்கோலோடு கூடத்தின் நடுவே நின்றாள் தையல்காரி. எதிரே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் கணவன். பஸ் டிரைவர். வேலைக்குக் கிளம்பியவன், தரையில் கிடந்த தண்ணீரில் வழுக்கி விழுந்து, அப்போதுதான் சுவரைப் பிடித்து எழுந்திருந்தான்.

“என் மண்டை உடைஞ்சாலும் பரவாயில்ல, மீனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அப்படித்தானே?”

“ஆமா. உங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. வாயில்லாத ஜீவன், அதுக்கு யார் இருக்கா?”

கூடம் கூடமாகவே இல்லை. குளோரின் வாடை போவதற்காகத் திறந்துவைத்த தண்ணீர் வாளிகள் வரிசை கட்டி நின்றன. சோபாவில் ரப்பர் குழாய், டி.வி. மேல் உப்பு டப்பா. எல்லாம் உள்ளங்கை நீளமுள்ள ஒரே ஒரு தங்கமீனுக்காக.

“கீழ்வீட்டுக்காரர் தண்ணி சொட்டுதுன்னு கத்தறார்.”

“சொட்டட்டும். துடைப்பத்தோட நானே இறங்கிப் போய் துடைச்சுட்டு வரேன். வேற என்ன குறை அவருக்கு?”

அந்த மீன் அவள் தம்பியோடு வந்தது. மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு மீன்தொட்டியுமாக அக்கா வீட்டுக்கு வந்தவன், சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். தொட்டியை யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் கலங்கிப்போய், மீனின் உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டன.

மீன்கடைக்காரர் வந்து பார்த்தார். வெண்புள்ளி நோய் என்றார். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும், அடிமணலில் இருக்கும் அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும், தண்ணீரில் உப்புப் போட்டுச் சூட்டைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

“புள்ளி மறைஞ்சுட்டா விட்டுடாதீங்க. கிருமி உடம்புலேர்ந்து உதிர்ந்து, அடியில கிடந்து பெருகும். நான் போதும்னு சொல்றவரைக்கும் வைத்தியம் நடக்கணும்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். துணி மூட்டையை ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கி வருகிறவள், “தம்பி, வாளி கனக்குதுடா, ஒரு கை கொடு” என்று விடிந்ததும் குரல் கொடுப்பாள். அவனும் முனகிக்கொண்டே எழுந்து வருவான்.

புள்ளிகள் மறைந்தன. வாளிகள் மறையவில்லை. கடைக்காரர் வருவதும், கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பதும், “இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்” என்று உதட்டைப் பிதுக்குவதும் தொடர்ந்தன.

“நோயாளி என்னைவிட நல்லாச் சாப்பிடுது” என்றான் டிரைவர் ஒருநாள்.

“கண்ணு வைக்காதீங்க!” என்று சீறினாள் அவள்.

இன்று வழுக்கி விழுந்ததில் அவன் பொறுமையும் விழுந்துவிட்டது. சாயங்காலம் கடைக்காரர் வந்து, வழக்கம்போல உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பியதும், பின்னாலேயே போய் மாடிப்படியில் மடக்கினான்.

“உள்ளதைச் சொல்லுங்க. அது பிழைக்குமா, பிழைக்காதா? ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்.”

கடைக்காரர் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சார், அது எப்பவோ குணமாயிடுச்சு. தண்ணியும் சுத்தமா இருக்கு. கிருமின்னு சொல்ல ஒண்ணுமே இல்ல.”

“அப்புறம் ஏன்யா தினம் இந்தக் கூத்து?”

“உங்க வீட்டம்மா சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. கையில கத்திரிக்கோல் வேற. எனக்கு எதுக்கு சார் வம்பு?”

அவ்வளவுதான். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான் டிரைவர். இன்றோடு வாளிகள் தெருவுக்குப் போகும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

மச்சினன் தொட்டி முன்னால் மண்டியிட்டு, முழங்கை வரை நனைந்து, மணலை அலசிக்கொண்டிருந்தான். முகத்தில் தாடியைக் காணோம். எப்போது மழித்தான் என்பது டிரைவருக்கு நினைவில்லை. பக்கத்து ஸ்டூலில் அவன் சாப்பிட்டு முடித்த தட்டு இருந்தது.

“அத்தான், கடைக்காரர்கிட்ட கேட்டீங்களா? இதுக்குச் சரியாயிடுச்சாமா?” கையைத் துடைக்காமலே எழுந்தான். “சரியாயிடுச்சுன்னா சொல்லிடுங்க. அப்புறம் எனக்கு எழுந்திருக்க வேலையில்ல. போய்ப் படுத்துக்கறேன்.”

டிரைவர் மனைவியைப் பார்த்தான். தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவளும் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் துளியும் இல்லை. ‘சொல்லித்தான் பாருங்களேன்’ என்று மோவாயை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று நம்புகிற மனிதன் அவன். ஒரு நிமிடம் கடவுளை நினைத்துக்கொண்டான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, நிரம்பிய வாளி ஒன்றைத் தூக்கினான்.

“எங்க சரியாச்சு மாப்ளே, இன்னும் ஆகலையாம்!”