சுத்தமான பதிவு

‘அழாதே’ என்று தேடலில் தட்டினார் சுடலைமுத்து.

கணினி கொஞ்சம் யோசித்தது. ஒன்றுமில்லை என்றது.

எதிரே நாற்காலி நுனியில் தலாத்து உட்கார்ந்திருந்தாள். முதுகில் துணியால் கட்டியிருந்த பெண்குழந்தை அவள் தோளை எச்சிலால் நனைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. எட்டு மணி நேரம் பேருந்தில் வந்திருக்கிறாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையிடம் தோமு மொழியில் பேச வேண்டும். அதற்கு நாலு வாக்கியம் வேண்டும்.

கூப்பிட ஒன்று. ஊட்ட ஒன்று. விழுந்தால் தேற்ற, தூங்க வைக்க.

அது அவள் தாய்மொழி. ஏழு வயதில் அம்மா செத்ததும் மாமா நகரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பொதுமொழியான ஹௌசா பேசிப் பேசி, தோமு எல்லாம் உதிர்ந்துவிட்டது. ஊரிலும் இப்போது ஹௌசாதான். தோமு பேசிய கடைசி மனிதர் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

இனி அந்த மொழி இருப்பது இந்த ஓர் அறையில்.

சுடலைமுத்து திருநெல்வேலியிலிருந்து நைஜீரியாவுக்கு ஆசிரியர் வேலைக்கு வந்தவர். வந்த இடத்தில் இந்த மலைமொழிமேல் பித்துப் பிடித்து, ஊர் திரும்புவதையே மறந்துவிட்டார். நூற்று நாற்பத்து மூன்று மணி நேரப் பதிவு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொருள் எழுதி, எண் கொடுத்து, தேடினால் கிடைக்கும்படி வைத்திருக்கிறார். இவ்வளவு சுத்தமான பதிவைக் கேட்டதே இல்லை என்று வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லையே தவிர, வந்தவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

தலாத்துவிடமும் சொல்லியாகிவிட்டது.

“நீ கவலையே படாதே. எல்லாம் இருக்கு.”

‘வா’ இருந்தது. ஒரு கதையில் கழுதைப்புலி ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுகிறது.

‘சாப்பிடு’ இருந்தது. படையல் வைத்து, செத்துப்போன பாட்டன்மாரை அழைக்கிற சொல். பிள்ளைக்கு அதைச் சொல்ல முடியாது.

‘தூங்கு’ இருந்தது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குறிப்பைப் படிக்காமலே ஒலிக்க விட்டார். பத்துப் பதினைந்து பெண்கள் மெதுவாகப் பாடினார்கள். தலாத்து கண்ணை மூடிக்கொண்டாள். முதுகுப் பிள்ளையோடு சேர்ந்து மெல்ல ஆடினாள்.

அப்புறம்தான் குறிப்பைப் பார்த்தார். பிணத்தைக் குழிக்குள் இறக்கும்போது பாடுவது.

சொன்னார். சொல்லித்தானே ஆக வேண்டும்.

அவள் ஆடுவதை நிறுத்தினாள். கையைப் பின்னால் கொண்டுபோய் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“வேற இருக்கா அங்கிள்?”

தேடினார். அரசர்களின் பரம்பரை இருந்தது. வேட்டை, மழை வேண்டல், பஞ்சாயத்து இருந்தன. கிழங்குக்கு மட்டும் பத்தொன்பது பெயர் இருந்தது. நூற்று நாற்பத்து மூன்று மணி நேரத்தில் ஒருவர்கூட ஒரு குழந்தையிடம் பேசியிருக்கவில்லை.

ஊரில் பிள்ளைகள் இல்லாமலா இருந்தார்கள்?

எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார்.

பழைய ஒலிநாடாக்கள் அதில் கிடந்தன. கணினியில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் ஆரம்பத்தையும் வெட்டியிருந்தார். சேவல், சட்டி, இருமல், தெருச் சத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘இரைச்சல்’ என்று ஒரே பெயர்தான். வேலை அப்படி. நாடாவில் மட்டும் அவை அப்படியே இருக்கும்.

முதல் நாடாவில் பூஞ்சை பூத்திருந்தது. அடுத்தது அறுந்தது. அதற்கடுத்த ஐந்தும் சுற்றவே இல்லை.

எட்டாவது சுற்றியது.

கோழிகள். உலக்கை இடிக்கிற சத்தம். பிறகு பிள்ளைகள், ஒரு கூட்டமே, ஒரே நேரத்தில், தோமுவில் எதையோ கத்திக்கொண்டு.

தலாத்து எழுந்து நின்றுவிட்டாள்.

அப்போது ஓர் ஆண்குரல் குறுக்கிட்டது. கொஞ்சம் நாக்குப் பிசகிய தோமு. இரண்டே சொல். கூச்சல் அப்படியே அடங்கியது.

“பிள்ளைங்ககிட்டதானே பேசறாங்க? என்ன சொல்றாங்க?” அவள் முகத்தில் அப்படியொரு ஆசை.

வேறு ஏதாவது சொல்லிவிடலாம். வாங்க செல்லங்களா என்று சொன்னால்கூட, இல்லை என்று மறுக்க இந்த உலகத்தில் ஓர் ஆள் மிச்சமில்லை.

“பேசாதீங்கன்னு சொல்றேன்,” என்றார். “அது நான்தான்மா.”

நாடா ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தூர ஓடினார்கள். பிறகு மிக அருகில், கருவிக்குப் பக்கத்திலேயே, ஒரு சின்னக் குரல் ஒரே ஒரு சொல் சொன்னது.

படக்கென்று பதிவு நின்றது.

“பிஸ்கட் கொடுத்து அனுப்பினீங்க,” என்றாள் தலாத்து. “எல்லாரும் வாங்கிட்டு ஓடிட்டாங்க. நான் போகலை, கருவிகிட்டயே நின்னேன். அப்ப எனக்கு ஆறு வயசு.”

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் என்ன சொல்றேன் அங்கிள்?”

பின்னால் சுற்றி மறுபடி போட்டார். போட வேண்டிய அவசியமே இல்லை. முதல் தடவையே புரிந்திருந்தது.

“ஏன்னு கேட்கறே.”

அவள் துணி முடிச்சை அவிழ்த்து மகளை முன்னால் வாங்கிக்கொண்டாள். அது விழித்து, இடம் புரியாமல் மலங்க மலங்கப் பார்த்தது. தலாத்து குனிந்து அதன் காதோடு அந்தச் சொல்லைச் சொன்னாள்.

அவர் பக்கம் திரும்பாமலே, கொஞ்சம் சத்தமாக, இன்னொரு முறையும் சொன்னாள்.