உயிரோடு இருப்பதற்குச் சாட்சி

தாய்லாந்தின் ஹுவாஹின் கடற்கரைக்குப் பின்னால், எங்கள் சந்தில் குடியிருக்கும் பிரிட்டிஷ் கிழவர் கிழவிகள் பதினோரு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்பதற்கு ட்ரெவர் பிக்கர்ஸ்டாஃப்தான் அத்தாட்சி.

பிரிட்டனின் பென்ஷன் ஆபீஸிலிருந்து அவ்வப்போது ஒரு படிவம் வரும். இன்னார் இன்னும் சாகவில்லை என்று, மரியாதைக்குரிய மனிதர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ட்ரெவர், விட்பி என்ற சின்னத் துறைமுக ஊரில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊர் மழையே வேண்டாம் என்று தாய்லாந்துக்கு வந்தவர், திரும்பிப் போனதே இல்லை. படிவத்துக்கு ஒரு பீர் வாங்கிக்கொள்வார். ஆனால் முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார்.

இந்த முறை பெரில் பார்டோ வீட்டுப் படிவம் மட்டும் அவரிடம் வரவில்லை.

பெரிலின் கணவர் டெரிக் வெளியே தலைகாட்டி நாலு மாதமாகிறது. கேட்டால், ஒரு நாள் ஜுரம் என்பாள், ஒரு நாள் தூங்குகிறார் என்பாள். திரைச்சீலை எப்போதும் இழுத்து மூடியே இருந்தது. போதாததற்கு, டெரிக் கண்ணில் படாமல் போன அதே வாரம், ஓர் ஆள் தாராளமாகப் படுக்கக்கூடிய ஃப்ரீசர் ஒன்று அந்த வீட்டில் வந்து இறங்கியது. சாசேஜ் வாங்கிச் சேர்த்து வைக்கவாம்.

ட்ரெவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை, டீ நேரமாகப் பார்த்துக் கதவைத் தட்டினார்.

"டெரிக் எங்க, பெரில்?"

"தூங்குறார்."

"நாலு மாசமாவா? கரடிகூட நடுவுல எந்திரிச்சு ஒரு வாய் தண்ணி குடிக்கும்."

பெரில் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். ட்ரெவர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. செத்தவன் பேர்ல பென்ஷன் வாங்குறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. சாவைப் பதிவு பண்ணக் கூடாது, சொந்த ஊர்ப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது, படிவத்துல ஒரு சாட்சிக் கையெழுத்து விழணும். அவ்வளவுதான். கையெழுத்தை நான் போடறேன். பாதியை எனக்குக் குடுங்க."

"பாதியா? நீங்க நினைக்கிற மாதிரி எதுவும் இல்ல ட்ரெவர்... வாடகை இருக்கு, விசா நீட்டிக்கணும்னா பேங்க்ல பணம் காட்டணும். பாதியை வெச்சுக்கிட்டு நான் எப்படி இங்க இருப்பேன்? எழுபத்தி மூணு வயசுல பெட்டியைத் தூக்கிட்டு எங்க போவேன்?"

"அப்ப பென்ஷன் ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போட்டுடறேன். ஆள் வந்து அந்த ஃப்ரீசரைத் திறந்து பாக்கட்டும். வியாழக்கிழமை வரைக்கும் டைம்."

பெரில் அழுதேவிட்டாள். ட்ரெவருக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பெயினுக்குப் போய்க் குடியேறியவனுக்கு வருஷா வருஷம் பென்ஷன் ஏறுகிறது. தாய்லாந்துக்கு வந்தவனுக்கு வந்த நாளில் என்ன தொகையோ அதேதான், சாகும்வரை. பாவம் பார்த்துக்கொண்டிருந்தால் பீருக்கு யார் கொடுப்பார்கள்?

வியாழக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பேனாவும் கையுமாகப் போனார். கதவைத் திறந்தது டெரிக்.

"வாப்பா ட்ரெவர்! உள்ள வா. ஃப்ரீசரைப் பாக்கணும்னியாமே? சாசேஜ்தான் இருக்கு, ரெண்டு வறுக்கட்டுமா?"

ட்ரெவரின் பேனா கீழே விழுந்தது.

"நீ... உயிரோட இருக்கியா?"

"முகத்தை நல்லாப் பாத்துக்க, நாளைக்குக் கையெழுத்துப் போடணும்ல." டெரிக் ஊன்றுகோலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "முழங்கால் ஆபரேஷன். இங்க கேட்ட காசுக்கு ரெண்டு காலே புதுசா வாங்கிடலாம். அதான் பிரிட்டனுக்குப் போயி, அக்கா வீட்லயே குடியிருக்கறதா அட்ரஸ் குடுத்து, அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசமா முடிச்சுட்டு வந்தேன். வெளிநாட்டுல குடியிருக்கறவனுக்கு அது கிடையாதே? பெரில் அதான் வாயைத் திறக்கல."

ட்ரெவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் வந்தது.

"அப்ப இதுவும் மோசடிதானே! இதுக்கும் ஒரு லெட்டர் போடலாம். பாதி பாதிதான் டெரிக், பேச்சு மாறாது."

"தாராளமா எழுது. கீழ உன் பேரை மட்டும் மறக்காமப் போடு." டெரிக் குனிந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். "என் அக்கா வீடு எங்க இருக்குன்னு தெரியுமா? விட்பி."

ட்ரெவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"போஸ்ட்மாஸ்டர் ட்ரெவர் எங்க சந்துலதான் இருக்கார்னு அவகிட்ட சொன்னேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அவர் தாய்லாந்துல மாரடைப்புல போயி ஒன்பது வருஷம் ஆச்சாம். கூடத் தங்கியிருந்த ஆள் சாம்பலை மட்டும் பார்சல்ல அனுப்பினானாம். சாவுச் சான்றிதழ் இன்னிக்கு வரைக்கும் வரலையாம்."

ட்ரெவர் வாசலைப் பார்த்தார். வாசலில் பெரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"கிளம்பற அன்னிக்குத்தான் உன் கல்லறைக்குப் போயி ஒரு பூங்கொத்து வெச்சுட்டு வந்தேன், ட்ரெவர்" என்றார் டெரிக். "இப்ப சொல்லு, யாருக்குப் பாதி?"